சம்பளச் சீட்டில் இரண்டு கத்தரிகள்

சம்பள நாளன்று ஆலை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். சீட்டைக் கையில் வாங்கும் தொழிலாளி மேலே அச்சடித்திருக்கும் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. அவர் கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகிறது. கைக்கு என்ன வருகிறது? மேலேயுள்ள தொகைக்கும் கீழேயுள்ள தொகைக்கும் நடுவே ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்பது அவருக்குப் பழகிப்போன செய்தி. இன்று பல ஆலைகளில் சீட்டு காகிதத்தில் வருவதில்லை; கைப்பேசிக்கு வருகிறது. காகிதம் போய்விட்டது, வெட்டு போகவில்லை.

இந்த வெட்டுகளில் பி.எப். என்பது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. இ.எஸ்.ஐ. என்பது வைத்தியத்துக்கான சந்தா. இவற்றைப் பற்றி நமது தொழிற்சங்கத் தோழர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது மற்ற இரண்டை: தொழில் வரி, வருமான வரி.

அம்பத்தூர் பக்கம் நடந்த ஒரு வாயிற்கூட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "என் சம்பளம் பதின்மூவாயிரம். சூப்பர்வைசருக்கு அறுபதாயிரம். மானேஜருக்கு மூணு லட்சம்னு சொல்றாங்க. மூணு பேருக்கும் தொழில் வரி ஆயிரத்து இருநூற்று ஐம்பதுன்னு ஒரே மாதிரி பிடிச்சிருக்காங்க. கணக்குப்பிள்ளை தப்புப் போட்டுட்டாரா தோழர்?"

கணக்குப்பிள்ளை தப்புப் போடவில்லை. கணக்கு சரி. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் போவதுதான் இந்தக் கட்டுரை.

ஊராட்சிக்குப் போகும் வரி

வருமானத்தின்மீது வரி போடும் அதிகாரத்தை நமது அரசியல் சட்டம் டில்லிக்குக் கொடுத்திருக்கிறது. விவசாய வருமானம் மட்டுமே மாநிலத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆனால் மாநிலப் பட்டியலில் 60-வது இனமாக இன்னொரு சிறு வரி இருக்கிறது. தொழில், வியாபாரம், உத்தியோகம், வேலை இவற்றின்மீதான வரி அது. ஆலைத் தொழிலாளியோ ஆபீஸ் குமாஸ்தாவோ வாங்கும் சம்பளத்தின்மீது மாநிலத்துக்கு உள்ள ஒரே பிடி இதுதான். 276-வது ஷரத்து இதற்கு வழி செய்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பணம் மாநிலக் கஜானாவுக்குப் போவதில்லை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராமப் பஞ்சாயத்து ஆகியவற்றுக்கே போகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. முதலாளி ஒவ்வோர் அரையாண்டிலும் ஒரு முறை சம்பளத்திலிருந்து பிடித்து ஊராட்சி மன்றத்துக்குக் கட்ட வேண்டும். அதனால்தான் ஆகஸ்ட் - செப்டம்பரிலும் ஜனவரி - பிப்ரவரியிலும் திடீரென்று சம்பளம் குறைந்ததுபோலத் தொழிலாளிக்குத் தோன்றுகிறது.

தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இந்த மன்றங்களின் பொறுப்பு. ஆகவே, இப்படி ஒரு வரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. யாரிடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சென்னை மாநகராட்சியின் கணக்கைப் பாருங்கள். ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதாவது மாதம் 3,500 ரூபாய் வரை. இன்றைக்கு மாதம் 3,500 ரூபாயில் எந்தக் குடும்பம் சென்னையில் அடுப்பு மூட்டுகிறது? 21,001 முதல் 30,000 வரை 135 ரூபாயாக இருந்த வரி 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு முதல் 180 ஆயிற்று. 45,000 வரையுள்ள அடுத்த படியில் 315 ரூபாய் 425 ஆயிற்று. 60,000 வரையுள்ள படியில் 690 ரூபாய் 930 ஆயிற்று. 60,000க்கு மேல் 75,000 வரை 1,025. 75,000க்கு மேல் எவ்வளவு போனாலும் 1,250. இந்த மேல் இரண்டு படிகளிலும் ஒரு காசு ஏறவில்லை.

அந்த ஏற்றத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள், தோழர்களே! கீழ்ப் படிகளில் மூன்றிலொரு பங்கு ஏற்றம். மேல் படிகளில் பூஜ்யம்!

75,000 என்பதை ஆறால் வகுத்தால் மாதம் 12,500 ரூபாய். அதற்கு ஒரு ரூபாய் கூட வாங்கினாலும் நமது ஒப்பந்தத் தொழிலாளி சட்டத்தின் கண்ணில் கோடீஸ்வரனுக்குச் சமமானவர். பதின்மூவாயிரம் வாங்கும் அவர் நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 60 காசு வரி கொடுக்கிறார். அறுபதாயிரம் வாங்கும் சூப்பர்வைசர் நூற்றுக்கு 35 காசு கொடுக்கிறார். மூன்று லட்சம் வாங்கும் மானேஜர் 7 காசு. மாதம் ஐம்பது லட்சம் சம்பளம் எழுதிக்கொள்ளும் பெரிய கம்பெனி நிர்வாகி நூற்றுக்கு அரைக் காசுகூடக் கொடுப்பதில்லை. எல்லோரையும்விட அதிகம் கொடுப்பவர் யார் தெரியுமா? மாதம் ஏழாயிரத்து ஐந்நூறை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவர். 930 ரூபாய்ப் படியில் இப்போதுதான் காலெடுத்து வைத்த அவருக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இருப்பவனிடம் கூடுதலாகவும் இல்லாதவனிடம் குறைவாகவும் வாங்குவதுதான் நியாயமான வரி என்று பள்ளிப் பையனும் சொல்வான். இங்கே ஏணியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள்.

2,500 ரூபாய் விலங்கு

ஏன் 1,250க்கு மேல் போகவில்லை? மாநகராட்சிக்கு மனமில்லையா? மனம் இருந்தாலும் முடியாது. ஒரு மனிதரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது என்று 276-வது ஷரத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டு அரையாண்டுக்கும் 1,250 வீதம் வாங்கினால் உச்சவரம்பு முட்டிவிடுகிறது.

இந்த வரம்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு பிரிவு, வருஷத்துக்கு 50 ரூபாய் என்று வரம்பு கட்டியது. 1950-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது அது 250 ரூபாய் ஆயிற்று. 1988-ல் 60-வது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அப்புறம் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. விலைவாசி பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வரம்பு மட்டும் அசையவில்லை.

விளைவு என்ன? ஊராட்சி மன்றத்துக்குச் செலவு ஏறுகிறது, பணம் தேவை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 25 முதல் 35 சதவீதம் வரை வரியை ஏற்ற வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. மேலே ஏற்ற முடியாதபடி அரசியல் சட்டம் கூரை போட்டிருக்கிறது. கூரையின் கீழே நிற்பவன் தலையில்தான் கை வைக்க முடியும். 2024-ல் நடந்தது இதுதான்.

பணக்காரர் தலைக்குமேல் இப்படி ஒரு கூரை வேண்டாம் என்று சொன்னவர்கள் நாம் மட்டுமல்ல. பதினான்காவது நிதிக் கமிஷன் இந்த வரம்பை 12,000 ரூபாயாக உயர்த்தலாம் என்று சிபாரிசு செய்தது. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 18,000 ரூபாய் என்றது. இந்தக் கமிஷன்களில் உட்கார்ந்தவர்கள் செங்கொடி பிடித்தவர்கள் அல்ல. மத்திய சர்க்காரே பொறுக்கி எடுத்து நியமித்த நிபுணர்கள். சிபாரிசுகள் அச்சாயின, புத்தக அலமாரியில் ஏறின. திருத்தம் மட்டும் வரவில்லை. 18,000 என்று வைத்துக்கொண்டாலும், வருஷம் 36 லட்சம் வாங்கும் மானேஜருக்கு அது நூற்றுக்கு அரை ரூபாய்தான்! அதற்குக்கூட டில்லிக்கு மனம் வரவில்லை.

டில்லியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மாநில சர்க்காரை விட்டுவிட நாம் தயாரில்லை. கூரையை உயர்த்துவது பார்லிமெண்டின் கையில் இருக்கிறது. தரையை உயர்த்துவது யார் கையில்? கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல் மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குபவர்களுக்குத் தொழில் வரி இல்லை. மகாராஷ்டிரத்தில் அதே வருஷம் முதல் மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு இல்லை. டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் இந்த வரியே கிடையாது. கேரளத்தில் ஆறு மாத வருமானம் 1,25,000 ஆனால்தான் 1,250 ரூபாய். ஆனால் அங்கேயும் வரி தொடங்கும் இடம் மிகத் தாழ்வாகவே இருக்கிறது. அதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் மாதம் 3,500 ரூபாய் என்ற தரை கால் நூற்றாண்டுக்கு முன்னால் போட்டது. அதை உயர்த்தக் கோட்டையில் ஒரு மசோதா போதும்; டில்லியிடம் மண்டியிட வேண்டியதில்லை. தரையை உயர்த்தினால் மன்றங்களுக்கு வருமானம் குறையும் என்பார்கள். குறையும்தான். அந்தக் குறையை மாநில சர்க்கார் மானியமாக ஈடு செய்யட்டும். துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டித்தான் துப்புரவு நடக்க வேண்டுமா?

இரண்டாவது கத்தரி

இனி வருமான வரி. 1857 புரட்சியை அடக்கிய செலவில் கஜானா காலியானபோது, அந்தப் பள்ளத்தை மூட 1860-ல் ஜேம்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்கார நிதி மந்திரி கொண்டுவந்த வரி இது. நம்மை அடக்கிய செலவை நம்மிடமே வசூல் செய்த கதை! சம்பளம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள் என்ற விதி 1922-ம் வருஷச் சட்டத்தில் இருந்தது. 1961 சட்டத்திலும் தொடர்ந்தது. அந்த 1961 சட்டத்தின் இடத்தில் 2025-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பிரிவுகளின் எண் மாறியதே தவிர, முறை மாறவில்லை.

முறை இதுதான். வருஷத் தொடக்கத்திலேயே முதலாளி உங்கள் வருஷச் சம்பளம் எவ்வளவு வரும் என்று மதிப்புப் போடுகிறார். அதற்கு வரி கணக்கிட்டு, மாதங்களுக்குப் பங்கிட்டு, மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சர்க்காரிடம் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யார் யாரிடம் எவ்வளவு பிடித்தேன் என்று கணக்கு அனுப்ப வேண்டும். வருஷம் முடிந்தபின் தொழிலாளிக்குச் சான்றிதழ் தர வேண்டும். ஆக, முதலாளி இங்கே சர்க்காரின் சம்பளமில்லாத வசூல்காரர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்று பெரும்பாலான தொழிலாளிக்கு இந்தக் கத்தரி படுவதில்லை. 2025 பட்ஜெட்டின் புதிய முறைப்படி வருஷ வருமானம் 12 லட்சம் வரை வரி தள்ளுபடி. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்ந்து 12,75,000 வரை வரி இல்லை. இது நல்லதே. ஆனால் திருச்சி பெல், நெய்வேலி, துறைமுகம், ரயில்வே, வங்கி, இன்ஷூரன்ஸ் போன்ற இடங்களில் நீண்ட சர்வீஸ் உள்ள தோழர்கள் ஓவர்டைமும் அகவிலைப்படியும் சேர்ந்து இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கணக்கைப் பார்ப்போம்.

வருஷச் சம்பளம் 14 லட்சம். கழிவு 75,000 போக 13,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000 ரூபாய். மீதி 1,25,000க்கு 15 சதவீதம், 18,750 ரூபாய். மொத்தம் 78,750. இதன்மேல் 4 சதவீதம் ஆரோக்கிய, கல்வி செஸ் 3,150. ஆக 81,900 ரூபாய். மாதம் 6,825 ரூபாய் வீதம் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது.

இவரிடம் பிடித்த தொழில் வரி 2,500 என்ன ஆயிற்று? பழைய முறையில் அதை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதிக்கு வரி போட்டார்கள். புதிய முறையில் அந்தக் கழிவு கிடையாது. கைக்கே வராத 2,500 ரூபாய்க்கும் வருமான வரி!

முதலாளிக்கு வேறு நாள்காட்டி. தொழிலாளியிடம் மாதாமாதம் பிடிக்கும் சர்க்கார் அவரிடம் முன்வரியை நான்கு தவணையில் கேட்கிறது: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச். அதுவும் அவரே போடும் மதிப்பின்படி. வாடகை, கார், பெட்ரோல், விளம்பரம், வட்டி, தேய்மானம் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சும் லாபத்துக்குத்தான் வரி. தொழிலாளி வேலைக்கு வர ஆகும் பஸ் கட்டணம், சாப்பாடு, பிள்ளை படிப்பு எதுவானாலும் அந்த 75,000க்குள் அடக்கம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக டில்லி குறைத்தது. புதுத் தொழிற்சாலைக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். 2023-ல் வருஷம் ஐந்து கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சர்சார்ஜைப் புதிய முறையில் 37 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக இறக்கியது. 2023-24-ம் வருஷத்தில் கம்பெனிகள் கொடுத்த வரி சுமார் 9.1 லட்சம் கோடி; தனி மனிதர்கள் கொடுத்த வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி. கம்பெனிகளைத் தனி மனிதர் முந்திவிட்டார்கள். இந்தத் தனி மனிதர்களில் வியாபாரியும் வக்கீலும் உண்டு. ஆனால் ஒளிக்க முடியாதபடி, பிந்தாதபடி, காசு குறையாதபடி கொடுப்பவர் சம்பளக்காரர் ஒருவரே. வேறு வழியில்லை, அவர் கை படுவதற்கு முன்பே பணம் போய்விடுகிறதே!

அமெரிக்கச் சீட்டு

இந்த வருமான வரியில் மாநிலத்துக்கு நேரடியாக ஏதாவது கிடைக்கிறதா? இல்லை. வேறு நாடுகளில் எப்படி? முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சம்பளச் சீட்டில் இரண்டு வருமான வரிகளைக் காணலாம். ஒன்று வாஷிங்டன் சர்க்காருக்கு. இன்னொன்று மாநில சர்க்காருக்கு. அந்த இரண்டாவது பணம் வாஷிங்டன் வழியாகப் போவதில்லை. முதலாளி நேராக மாநிலக் கஜானாவில் கட்டுகிறார். விஸ்கான்ஸின் மாநிலம் 1911-லேயே வருமான வரி போட்டுவிட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் இன்றைய மத்திய முறை 1943-ல், யுத்தச் செலவுக்காக வந்தது.

ஒரு மாநிலத்தில் குடியிருந்து பக்கத்து மாநிலத்தில் வேலை செய்தால்? பொதுவாக வேலை செய்யும் மாநிலம் வரி பிடிக்கும். குடியிருக்கும் மாநிலம் அதைக் கழித்துக்கொடுக்கும். நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் போல ஒப்பந்தம் செய்துகொண்ட மாநிலங்களில், குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். பென்சில்வேனியாவில் நமது தொழில் வரிக்கு ஒரு தம்பியும் இருக்கிறது. ஊராட்சிகள் சம்பளத்தில் பிடிக்கும் அந்த வரி வருஷத்துக்கு 52 டாலருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் பத்து டாலருக்கு மேல் வரி போடும் ஊராட்சி, வருஷம் 12,000 டாலருக்குக் கீழே சம்பாதிப்பவரை விட்டுவிட வேண்டும். தரை எங்கே இருக்க வேண்டும் என்று அங்கே கொஞ்சமாவது யோசித்திருக்கிறார்கள்.

அமெரிக்க முறை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. டெக்ஸாஸும் புளோரிடாவும் அவற்றில் சேர்ந்தவை. "எங்கள் மாநிலத்துக்கு வாருங்கள், வரியில்லை" என்று பணக்காரருக்கு வலை வீசுகிறார்கள். சர்க்கார் நடத்தப் பணம் வானத்திலிருந்து விழுமா? விற்பனை வரியாகவும் சொத்து வரியாகவும் வசூலாகிறது. கடையில் துணியும் சாமானும் வாங்கும் ஏழையும் அதில் பங்கு கொடுக்கிறார். கான்ஸஸ் மாநிலத்தில் 2012-ல் ஒரு கவர்னர் வருமான வரியை வெட்டினார். தொழில் செழிக்கும் என்றார். பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது, பள்ளிக்கூடங்கள் தவித்தன. 2017-ல் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் சேர்ந்து, அவருடைய தடையுத்தரவையும் மீறி, பெரும்பகுதியை ரத்துச் செய்தார்கள். மாறாக மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 2022-ல் ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு, வருஷம் பத்து லட்சம் டாலருக்கு மேலுள்ள வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் வரி போட்டார்கள். பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும். அங்கேயும் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. திருத்தினார்கள்.

நமது நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி வருமான வரி போடட்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் டெக்ஸாஸ் கதை இங்கேயும் நடக்கும். எந்த மாநிலத்தில் வரி குறைவோ அங்கே கம்பெனிகள் விலாசத்தை மாற்றிக்கொள்ளும். ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு மாநிலங்கள் மேல்தட்டுக்காரர்களின் வரியை இறக்கும். வரியை மத்திய சர்க்காரே வசூலிக்கட்டும். வசூலித்ததை எப்படிப் பங்கிடுகிறது என்பதில்தான் சண்டை.

1,317 ரூபாய்

நமது 14 லட்ச ரூபாய்த் தோழரின் 81,900 ரூபாயைத் தொடர்ந்து போவோம். அதில் 3,150 ரூபாய் செஸ். 270-வது ஷரத்தின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் மாநிலங்களோடு பங்கிட வேண்டியவை அல்ல. அது முழுக்க டில்லிக்கே. 2004-ல் 2 சதவீதமாகப் பிறந்த கல்வி செஸ் 2007-ல் 3 ஆகி, 2018-ல் ஆரோக்கியத்தையும் சேர்த்துக்கொண்டு 4 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலம், பள்ளிக்கூடம் நடத்துவது பெரும்பாலும் மாநிலம். அவற்றின் பேரால் வசூலிக்கும் பணத்தில் மாநிலத்துக்கு உரிமை இல்லை!

மீதி 78,750-ல் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை வைத்த விகிதம் அது. அப்படிப் பார்த்தால் 32,287 ரூபாய். அதில் அந்த ஐந்து வருஷத்துக்குத் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். வசூல் செலவைக் கழிக்காமலே, சுமார் 1,317 ரூபாய். நூறு ரூபாய் வரிக்கு 1 ரூபாய் 67 காசு. திருச்சித் தொழிலாளி 81,900 கொடுத்தார். அவர் மாநிலத்தின் பங்காகத் திரும்பியது 1,317. கேலிக்குரிய அந்தத் தொழில் வரியில்கூட அவர் ஊருக்கு 2,500 கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்கைச் சிலர் வேறு மாதிரி படிப்பார்கள். "நம் பணத்தைப் பீகாரிக்குக் கொடுக்கிறார்கள்" என்று கூச்சல் போடுவார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்ல. பீகாரிலிருந்து ரயிலேறி வந்து நம் ஊர் மேம்பாலத்தில் இரும்புக் கம்பி கட்டுகிற தொழிலாளி நமக்கு எதிரியல்ல. அவர் ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் பணம் போனால் நாம் வருந்தப் போவதில்லை. நமது சண்டை அந்த 59 சதவீதத்தோடு. வருஷா வருஷம் பங்குக்கு வெளியே ஒதுக்கிக்கொள்ளும் செஸ்ஸோடு. பணக்காரன் மீது சர்சார்ஜ் போடுவதை நாம் எதிர்க்கவில்லை. போடு, ஆனால் பொதுப் பானையில் போடு என்கிறோம். செஸ்ஸையும் சர்சார்ஜையும் பங்கிடும் வரியோடு சேர்த்தால் தமிழ்நாட்டுக்கும் கூடும், பீகாருக்கும் கூடும்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

கொள்கைப் போராட்டம் நீண்டது. அதற்கிடையில் சங்கத் தோழர்கள் உடனே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிடித்த வரியை முதலாளி உண்மையில் கட்டினாரா? சீட்டில் வெட்டு விழுந்துவிட்டது என்பதாலேயே பணம் கஜானாவுக்குப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நெருக்கடியில் இருக்கும் கம்பெனிகள் பிடித்த பணத்தைக் கைமுதலாக ஓட்டுவதும், வருஷக் கடைசியில் தொழிலாளிக்கு "வரி பாக்கி" என்று நோட்டீஸ் வருவதும் நாம் பார்த்த விஷயங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை மீண்டும் தொழிலாளியிடம் கேட்கக்கூடாது என்று 1961 சட்டத்தின் 205-வது பிரிவு தெளிவாகச் சொன்னது. கட்டாமல் வைத்துக்கொண்ட முதலாளிக்கு அதே சட்டம் மூன்று மாதம் முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல் தண்டனை விதித்திருந்தது. ஜெயிலுக்குப் போன முதலாளியைக் காண்பது அபூர்வம். நோட்டீஸ் வாங்கிய தொழிலாளியைக் காண்பது சுலபம்.

ஆகவே சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் பான் எண்ணின்மேல் எவ்வளவு வரி வந்து சேர்ந்தது என்பதை வருமான வரி இலாகாவின் வலைத்தளத்தில் பார்க்கலாம். படிவம் 26 ஏ.எஸ். என்று தொழிலாளர்கள் அறிந்த கணக்கு அது. சீட்டிலுள்ள தொகையும் அதிலுள்ள தொகையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் வேண்டும். சம்பள ஒப்பந்தம் தாமதமாகி, பல வருஷத்து அரியர் ஒரே வருஷத்தில் வந்து, அதனால் வரி கூடுகிறதா? பழைய வருஷங்களுக்குப் பங்கிட்டுக் கணக்கிட்டால் குறையும் வரியைச் சலுகையாகக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1961 சட்டத்தில் அது 89-வது பிரிவு. அதற்கென்று உள்ள படிவத்தைக் கொடுக்காமல் அந்தச் சலுகை தானாக வராது. ஒப்பந்தம் போட்டு அரியர் வாங்கிக் கொடுத்த சங்கம், அதில் தேவையில்லாத வரி பிடிபடாமல் பார்ப்பதும் தன் வேலை என்று கொள்ள வேண்டும்.

தொழில் வரியில் ஒப்பந்தத் தொழிலாளிகளின் நிலைமை இன்னும் மோசம். அரையாண்டின் நடுவில் காண்ட்ராக்டர் மாறுகிறார். பழையவரும் பிடித்திருப்பார், புதியவரும் பிடிப்பார். ரசீது கேட்டால் இருவரும் சிரிப்பார்கள். வருஷத்துக்கு 2,500க்கு மேல் ஒருவரிடம் வாங்கக்கூடாது என்ற அந்த வரம்பு, கோடீஸ்வரனை மட்டுமா காக்க வேண்டும்? இந்தத் தொழிலாளியையும் காக்கட்டுமே! பிடித்த தொகை எந்த மன்றத்தில், எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்ற விவரத்தைப் பெயர்வாரியாக எழுதித் தரும்படி முதல் நிறுவனத்திடமே கேளுங்கள். முதல் அரையாண்டுக்கு செப்டம்பர் 30, இரண்டாவதற்கு மார்ச் 31 கடைசித் தேதி. அக்டோபர் முதல் வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் சங்கத்தின் கடிதம் நிர்வாகத்தின் மேஜையில் இருக்க வேண்டும். அம்பத்தூர் வாயிற்கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழர் அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதே கடிதத்தின் நகல், மாதம் 25,000 வரை தொழில் வரி விலக்கு வேண்டும் என்ற கோரிக்கையோடு, நகராட்சி நிர்வாக மந்திரிக்கும் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.